கையொப்பமிட்ட படமும் கையொப்பமிட்ட கடிதமும்

அரசுத் தலைவர்கள் தம் உருவப்படத்தில் கையொப்பமிட்டுப் பிறருக்கு வழங்குவது நெடுநாளைய மரபு. ஒளிப்படக் கலை பரவத் தொடங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய அரச குடும்பங்களிடையே இவ்வழக்கம் வேரூன்றியது. தூதுவர் ஒருவர் பணி முடித்து விடைபெறும்போதும், விருந்தினர் ஒருவர் நாடு திரும்பும்போதும், வெள்ளிச் சட்டகமிட்ட படமொன்று அன்பளிப்பாக வழங்கப்படும். முடியாட்சியை உதறிவிட்டுக் குடியாட்சி கண்ட அமெரிக்காவும் அரசர்களின் இந்த வழக்கத்தை மட்டும் உதறவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அந்நாட்டு அதிபர்களும் அமைச்சர்களும் கையொப்பமிட்டு வழங்கிய படங்கள் இன்று நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் நிறைந்து கிடக்கின்றன.

அரபியில் இத்தகைய செயலை 'முஜாமலா' என்பர். அழகைக் குறிக்கும் 'ஜமால்' என்னும் சொல்லின் வேரிலிருந்து பிறந்தது அது. ஒருவரோடொருவர் அழகுற நடந்துகொள்ளுதல் அதன் நேர்ப்பொருள். உபசாரம் என்பது அதன் வழக்குப் பொருள். முஜாமலாவை முகமலர்ந்து ஏற்பது பண்பாடு. அதையே உடன்படிக்கையாக எடுத்துக்கொள்வது பேதைமை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு சில வேளைகளில் மங்கிவிடுகிறது. அவ்வாறு அது மங்கிய ஓர் இடத்தையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

நாம் எடுத்துக்கொண்டிருப்பவர் ஃபிராங்க்ளின் டி. ரூஸ்வெல்ட். 1933 முதல் 1945 வரை அமெரிக்க அதிபராக இருந்தவர். அப்பதவிக்கு நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே மனிதர். இவரைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் இரண்டு. தம் உருவம் மக்கள் கண்ணில் எவ்வாறு பட வேண்டும் என்பதில் இவரளவு கவனம் செலுத்திய தலைவர்கள் அரியர் என்பது ஒன்று. இவர் கையொப்பமிட்ட ஒரு கடிதம் ஃபலஸ்தீன் பற்றிய ஆய்வுகளில் எண்பது ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனியே எழுதியோர் உண்டு. ஒன்றின் துணைகொண்டு மற்றொன்றை வாசிக்க வேண்டும் என்பது நம் கருத்து.

படம்

1933ஆம் ஆண்டு, ரூஸ்வெல்ட் முதன்முறை பதவியேற்ற அதே ஆண்டில், ஃபிலடெல்ஃபியா நகரின் ஒளிப்படக் கலைஞர் எலியாஸ் கோல்டென்ஸ்கி எடுத்த உருவப்படம் ஒன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளது. ரூஸ்வெல்ட்டின் படம் என்றவுடன் பலர் மனத்தில் தோன்றுவது இதுவே. அகன்ற நெற்றி, உறுதியான தாடை, பார்ப்பவரை நேருக்கு நேர் நோக்கும் கண்கள். பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் சிக்கித் தவித்த ஒரு நாட்டுக்கு நம்பிக்கையூட்ட வந்தவர் என்பதை அம்முகம் சொல்லாமல் சொல்கிறது. படம் மார்போடு முடிந்துவிடுகிறது.

உருவப்படங்கள் மார்போடு முடிவது புதிதன்று. எனினும் ரூஸ்வெல்ட்டைப் பொறுத்தவரை அந்த முடிவுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. 1921 ஆகஸ்டில், தமது 39ஆம் வயதில், இளம்பிள்ளை வாத நோய் தாக்கி இவருடைய இரு கால்களும் செயலிழந்தன. அதன்பின் துணையின்றி இவர் நடந்ததில்லை. பொது இடங்களில் நின்றபோதெல்லாம் கால்களை இறுக்கிய எஃகுப் பட்டைகளே இவரைத் தாங்கி நின்றன. ஹியூ கேலகர் என்னும் ஆய்வாளர், தாமும் அந்நோயினால் பாதிக்கப்பட்டவர், இதுபற்றி 1985இல் ஒரு நூலே எழுதினார். ரூஸ்வெல்ட் நூலகத்திலுள்ள 35,000க்கும் மேற்பட்ட படங்களில் சக்கர நாற்காலியில் அவர் அமர்ந்திருப்பவை இரண்டே என்று அதில் அவர் குறிப்பிட்டார். பின்னர் வேறு சில வெளிவந்தன. ஆயினும் அவையும் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. அவரைத் தூக்கி இறக்கும் காட்சியைப் படமெடுக்க முயன்றோரைக் காவலர்கள் தடுத்தனர். பத்திரிகையாளர்களும் பெரும்பாலும் அந்த ஏற்பாட்டுக்கு இணங்கியே நடந்தனர்.

இதை ஏமாற்று என்று ஒரே சொல்லில் முடித்துவிடுதல் நீதியாகாது. அவருக்கு அந்நோய் வந்த செய்தியை மக்கள் அறிந்தே இருந்தனர். அந்நோயை எதிர்க்க 1938இல் அவர் தேசிய அமைப்பொன்றையே நிறுவினார். ஊனமுற்றவர் ஆட்சிக்குத் தகுதியற்றவர் என்று கருதிய ஒரு காலத்தில், தம் ஆற்றலைக் கொண்டு மட்டுமே தாம் எடைபோடப்பட வேண்டும் என்று அவர் விரும்பியதில் நியாயம் உண்டு. மறைக்கப்பட்டது நோயன்று, அதன் அளவு. உண்மையின் ஒரு பாதியைக் காட்டி, மறு பாதியைச் சட்டகத்திற்கு வெளியே வைத்துவிடும் முறை அது.

ஒளிப்படம் பற்றி நம் உலமாக்களிடையே நடந்த விவாதம் வாசகர் அறிந்ததே. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷெய்கு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், ஒளிப்படம் ஒரு புதிய உருவத்தைப் படைப்பதன்று, உள்ள ஒன்றின் நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்னும் கருத்தில் அதனை ஆகுமாக்கி ஒரு சிற்றேடு எழுதினார்கள். துணைக்கண்டத்தில் முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்கள் மாற்றுக் கருத்துடன் தனி நூல் எழுதினார்கள். அந்தச் சட்ட விவாதத்திற்குள் ஈண்டு நாம் புக விரும்பவில்லை. ஆனால் 'நிழலைப் பிடித்து நிறுத்துதல்' என்னும் சொல்லாட்சி திறனாய்வாளனுக்கு மிகவும் பயன்படுவது. நிழல் பொய்யன்று. ஆனால் எந்த நிழலைப் பிடிப்பது, எதனை விட்டுவிடுவது என்று முடிவு செய்பவர் ஒருவர் இருக்கிறார். கோல்டென்ஸ்கியின் படத்தில் உள்ளவை அனைத்தும் மெய். அப்படம் தரும் மொத்தத் தோற்றம் மெய்யின் ஒரு பகுதி.

1944 ஆகஸ்ட் 21 அன்று ஹைட் பார்க் இல்லத்தில் லியோன் பெர்ஸ்கி எடுத்த வண்ணப்படத்திற்கும் இது பொருந்தும். நான்காம் முறை போட்டியிட இருந்த வேட்பாளரின் படம் அது. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே, மார்ச்சு இறுதியில், இதயநோய் மருத்துவர் ஹோவர்ட் புருயென் அவரைச் சோதித்து, இதயம் செயல்திறன் குன்றியிருப்பதையும் இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதையும் கண்டறிந்திருந்தார். வாக்காளர்களுக்கு அச்செய்தி சொல்லப்படவில்லை.

கையொப்பம்

அச்சிட்ட படம் ஆயிரக்கணக்கில் பெருகக் கூடியது. அதன் விளிம்பில் ஒருவர் பேனாவை ஊன்றி, பெறுபவரின் பெயரை எழுதித் தம் பெயரையும் எழுதிவிட்டால் அந்தப் படி மட்டும் ஆயிரத்திலிருந்து பிரிந்து ஒன்றாகிவிடுகிறது. ரூஸ்வெல்ட் வழங்கிய படங்களில் 'நண்பரிடமிருந்து' என்னும் சொல் அடிக்கடி வருகிறது. பெறுபவர் கட்சித் தொண்டராகவோ, அயல்நாட்டுத் தூதராகவோ, ஒரே ஒருமுறை கண்டு பேசியவராகவோ இருக்கலாம். அச்சொல்லைப் பார்த்த அளவில் அவர் உள்ளம் குளிர்கிறது. அம்முகம் இனித் தன்னைப் பார்ப்பதாகவே அவருக்குத் தோன்றுகிறது.

அக்கையொப்பம் எதற்குச் சான்று? அந்தத் தாளை அவர் கை தொட்டது என்பதற்குச் சான்று. அதற்கு மேல் எதற்கும் இல்லை. ஹதீஸ் கலையில் 'முனாவலா' என்றொரு முறை உண்டு. ஆசிரியர் தம் ஏட்டை மாணவர் கையில் கொடுப்பது அது. 'இதனை என்னிடமிருந்து அறிவிக்க உனக்கு அனுமதி தந்தேன்' என்று சொல்லிக் கொடுத்தால் அது உயர்ந்த வகை. ஒன்றும் சொல்லாமல் ஏட்டை மட்டும் கொடுத்தால், அதை வைத்து அவர் பெயரால் அறிவிப்பது கூடாது என்பது இப்னு ஸலாஹ் (ரஹ்) போன்ற அறிஞர்களின் தீர்மானம். கை கொடுத்தது, நா அனுமதிக்கவில்லை. கையொப்பமிட்ட உருவப்படம் இத்தகைய முனாவலாவைப் போன்றது. கொடுத்தவரின் பெயரால் எதையும் கோருவதற்குப் பெற்றவருக்கு அது உரிமை வழங்குவதில்லை.

சாதாரண மனிதர்களிடையே இத்தகைய படம் கூடத்துச் சுவரை அலங்கரிப்பதோடு நின்றுவிடும். ஒரு நாட்டின் மன்னரும் மற்றொரு நாட்டின் அதிபரும் சந்தித்து, முகமும் கையொப்பமும் வாக்குறுதியும் ஒன்றோடொன்று கலந்துவிடும்போது நிகழ்வது வேறு.

கசப்பு ஏரி

1945 பிப்ரவரி 14. யால்டா மாநாட்டை முடித்துத் திரும்பிய ரூஸ்வெல்ட், சூயஸ் கால்வாய் வழியிலுள்ள பெரிய கசப்பு ஏரியில் 'குவின்சி' என்னும் போர்க்கப்பலில் மன்னர் அப்துல் அஸீஸ் இப்னு ஸஊதைச் சந்தித்தார். ஜித்தாவிலிருந்து 'மர்ஃபி' என்னும் அமெரிக்க நாசகாரிக் கப்பலில், மேல்தளத்தில் கூடாரமடித்து, ஆடுகளையும் உடன் கொண்டு மன்னர் வந்தார். மொழிபெயர்த்தவர் கர்னல் வில்லியம் எடி. அமெரிக்க மதபோதகர்களின் மகனாக லெபனானின் ஸைதா நகரில் பிறந்து, அரபியைத் தாய்மொழிபோல் பேசியவர். ஸஊதி அரேபியாவுக்கான அமெரிக்கத் தூதர். இந்தச் சந்திப்பைப் பற்றி 1954இல் அவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அன்று நடந்தவற்றுள் பலவற்றை அதன் வாயிலாகவே நாம் அறிகிறோம். மன்னர் முன்னிலையில் புகைப்பதை ரூஸ்வெல்ட் தவிர்த்தார் என்பதும் அவற்றுள் ஒன்று.

அச்சந்திப்பின் படம் உலகப் புகழ்பெற்றது. மன்னரும் அதிபரும் அமர்ந்திருக்க, எடி ஒரு காலை மடித்து மண்டியிட்டுப் பேச்சை மொழிபெயர்க்கிறார். ரூஸ்வெல்ட்டின் முகம் ஒடுங்கியிருக்கிறது. கண்ணடியில் கருமை படர்ந்திருக்கிறது. கோல்டென்ஸ்கியின் படத்தில் கண்ட மனிதர் இவர்தாமா என்று ஐயுற வைக்கும் தோற்றம். உருவப்படம் மறைத்ததைச் செய்திப்படம் காட்டிவிட்டது. மூவருமே கால் நலம் குன்றியவர்கள் என்பதும் உற்றுநோக்கத் தக்கது. மன்னர் போர்க்களக் காயங்களால் நடக்கத் தடுமாறியவர். எடி முதல் உலகப் போரில் காயமுற்றுக் கால் தாங்கி நடந்தவர்.

எடி தரும் செய்தி இது. பொறுப்பிலும் உழவின்மீது கொண்ட விருப்பத்திலும் உடற்குறையிலும் நாம் இருவரும் இரட்டையர் என்று மன்னர் கூறினார். தங்களுக்கு நடக்கவாவது முடிகிறதே என்றார் அதிபர். தம் கால்கள் ஆண்டுக்காண்டு தளர்ந்து வருவதாகவும், சக்கர நாற்காலி உடையவரோ போய்ச் சேருவது உறுதி என்று அறிந்தவர் என்றும் மன்னர் மறுமொழி சொன்னார். தம்மிடம் அதேபோன்ற இரு நாற்காலிகள் இருப்பதாகச் சொல்லி அவற்றுள் ஒன்றை ரூஸ்வெல்ட் அன்பளிப்பாக வழங்கினார்.

நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இதனினும் சிறந்த விளக்கவுரை வேண்டியதில்லை. எந்தப் பொருளைத் தம் படத்திற்குள் நுழையவிடாமல் இருபதாண்டுகளுக்கு மேல் காத்தாரோ, அதையே அவர் ஓர் அயல்நாட்டு மன்னருக்குக் கொடுத்தார். கையொப்பமிட்ட படம் காட்ட மறுத்ததை இந்த அன்பளிப்பு காட்டிவிட்டது. மன்னர் அதனை உபசாரமாக மட்டும் கருதாமல் உள்ளம் திறந்த நட்பின் அடையாளமாகக் கொண்டதில் வியப்பில்லை. தம்மிடமுள்ள பொருள்களுள் விலைமதிப்பற்றது அதுவே என்று விருந்தினர்களுக்கு அவர் காட்டி மகிழ்ந்ததாக எடி எழுதுகிறார்.

உரையாடலின் உள்ளுறைக்கு வருவோம். ஐரோப்பாவில் நாஜிகளின் கொடுமைக்கு இரையாகி எஞ்சியிருந்த யூத அகதிகளைப் பற்றி ரூஸ்வெல்ட் பேசினார். அவர்களின் துயரம் மெய்யானது. அதில் அவர் கொண்ட இரக்கமும் மெய்யானது என்றே நாம் கொள்கிறோம். மன்னரின் விடை நேரானது: அவர்களை ஒடுக்கிய ஜெர்மானியரின் நிலத்திலும் வீடுகளிலும் சிறந்தவற்றை அவர்களுக்குக் கொடுங்கள், குற்றமிழைத்தவன் ஈடு செய்யட்டும், அரபுகள் அவர்களுக்கு இழைத்த தீங்கு என்ன? அரபுகளுக்கு எதிராக யூதர்களுக்குத் தாம் உதவப் போவதில்லை என்றும், அரபு மக்களுக்குப் பகையான எந்த நடவடிக்கையும் எடுக்கப் போவதில்லை என்றும் அதிபர் உறுதியளித்தார். அது குறிப்பு ஆவணமாக எழுதப்பட்டது.

மார்ச்சு 1 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் ரூஸ்வெல்ட் உரையாற்றினார். அவ்வுரையை அமர்ந்தபடியே நிகழ்த்தினார். தம் கால்களில் பத்துப் பவுண்டு எஃகைச் சுமந்து நிற்பது கடினம் என்று அதற்குக் காரணமும் சொன்னார். பொது மேடையில் அந்த எஃகைப் பற்றி அவர் வாய்திறந்து பேசியது அப்போதுதான். அதே உரையில், இரண்டு மூன்று டஜன் கடிதங்கள் எழுதிப் பரிமாறிக்கொண்டிருந்தாலும் அறிய முடியாததை இப்னு ஸஊதிடம் ஐந்து நிமிடம் பேசி அறிந்துகொண்டதாகவும் கூறினார். தம் உருவத்தின் சட்டகத்தைத் தாமே உடைத்த அந்த நாளில், அரபுகளின் வாதத்தைக் காதால் கேட்டதையும் அவர் ஒப்புக்கொண்டார். அவ்வுரையைப் படிக்கும்போதெல்லாம், இந்த மனிதர் இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் என்னும் ஏக்கம் நம்மையும் தொட்டுச் செல்கிறது. ஆனால் திறனாய்வாளன் அந்த ஏக்கத்தில் தங்கிவிடக் கூடாது. மார்ச்சு 16 அன்று, ஸியோனிச இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான ரப்பி ஸ்டீபன் வைஸ் அவரைச் சந்தித்தார். யூத நாடு பற்றிய தம் முந்தைய ஆதரவில் மாற்றமில்லை என்று அறிவிக்க அவருக்கு அதிபர் இசைவளித்தார். ஒரே முகம், பதினைந்து நாள் இடைவெளியில், இரு பக்கமும் புன்னகைத்தது.

கடிதம்

ஃபலஸ்தீன் குறித்து மன்னர் மார்ச்சில் எழுதிய கடிதத்திற்கு ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 5 தேதியிட்டு விடை எழுதினார். அரசர்களுக்கு எழுதும் முறைப்படி நண்பரே என்று விளித்துத் தொடங்கும் கடிதம். அதன் சாரம் இரண்டு. அரபுகள், யூதர்கள் ஆகிய இரு தரப்பாரோடும் முழுமையாகக் கலந்தாலோசிக்காமல் ஃபலஸ்தீனின் அடிப்படை நிலையில் முடிவு எதுவும் எடுக்கப்படாது என்பது ஒன்று. இந்த அரசாங்கத்தின் நிர்வாகத் துறைத் தலைவர் என்னும் முறையில், அரபு மக்களுக்குப் பகையாக அமையக்கூடிய எந்த நடவடிக்கையையும் தாம் எடுக்கப் போவதில்லை என்பது மற்றொன்று.

இதனை வாக்குறுதி என்று ஏற்போர், நட்பின் சொற்களில் தோய்ந்து, அதன் விளிம்புகளைக் காணத் தவறுகின்றனர். 'கலந்தாலோசித்தல்' என்பது 'ஒப்புதல் பெறுதல்' ஆகாது. கேட்டுவிட்டு மறுத்துவிடவும் அதில் இடமுண்டு. 'நிர்வாகத் துறைத் தலைவர் என்னும் முறையில்' என்னும் தொடர் நாடாளுமன்றத்தைச் சட்டகத்திற்கு வெளியே வைத்துவிடுகிறது. எடுக்கப் போவதில்லை என்பதன் எழுவாய் 'நான்'. எனக்குப் பின் வருபவர் பற்றி அங்கே சொல் இல்லை. மார்போடு முடிந்த உருவப்படத்தைப் போலவே இக்கடிதமும் ஓர் அளவோடு முடிந்துவிடுகிறது. உள்ளவை அனைத்தும் மெய். நடந்து செல்வதற்கான கால்கள் மட்டும் அதில் இல்லை.

ஏழு நாட்களில், ஏப்ரல் 12 அன்று, ரூஸ்வெல்ட் காலமானார்.

அரபுக் கல்லூரியில் மர்கீனானி (ரஹ்) அவர்களின் ஹிதாயாவில், ஒரு காழி மற்றொரு காழிக்கு எழுதும் கடிதம் பற்றிய பகுதியைப் பாடம் நடத்தும்போதெல்லாம் இத்தேதிகள் நம் நினைவில் எழுவதுண்டு. எழுத்து எழுத்தைப் போலிருக்கும். ஆகவே கையெழுத்தும் முத்திரையும் மட்டும் போதா, உள்ளடக்கத்தை அறிந்த சாட்சிகள் வேண்டும் என்பது அங்கே கூறப்படும் விதி. கடிதம் போய்ச் சேருமுன் எழுதிய காழி இறந்துவிட்டாலோ பதவி நீங்கிவிட்டாலோ அது செல்லாது என்பது ஹனஃபீ மத்ஹபின் தீர்ப்பு. சாட்சியமே அடிப்படையாதலால் எழுதியவரின் இறப்பு அதனைப் பாதிக்காது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. பெறுபவரைப் பெயரிட்டபின், 'மற்றும் இது சென்று சேரும் முஸ்லிம் காழிகள் அனைவருக்கும்' என்று சேர்த்து எழுதிவிட்டால், பெயரிடப்பட்ட காழி இறந்தாலும் அவர் இடத்திற்கு வருபவர் அதனை ஏற்கலாம் என்றும் ஃபுகஹாக்கள் வழி சொன்னார்கள். நீதிமன்றக் கடிதத்திற்கான இவ்விதிகளை நாடுகளுக்கிடையிலான கடிதங்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்பதை நாம் அறிவோம். நாம் சுட்ட விரும்புவது அவர்களின் விழிப்பையே. ஆள் மறைவான், பதவி கைமாறும், கையொப்பம் தனித்து நிற்கும் என்பதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கருதிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசகம் தேடி வைத்தார்கள். ஏப்ரல் 5 கடிதத்தைப் பெற்றவர்கள் அத்தகைய வாசகம் ஒன்றைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்களிடம் ஒரு முகம் இருந்தது. அது போதுமென்று எண்ணினார்கள்.

அடுத்து வந்த ஹாரி ட்ரூமன் 1945 ஆகஸ்ட் 31 அன்றே, ஒரு லட்சம் யூத அகதிகளை ஃபலஸ்தீனில் அனுமதிக்குமாறு பிரிட்டிஷ் பிரதமர் அட்லிக்கு எழுதினார். ரூஸ்வெல்ட்டின் கடிதத்தை அமெரிக்க வெளியுறவுத் துறை அக்டோபரில் வெளியிட்டது. அரபு நாடுகளில் பணியாற்றிய தூதர்கள் நேரில் முறையிட்டபோது, ஸியோனிசத்தின் வெற்றியை விரும்பும் லட்சக்கணக்கானோருக்குத் தாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, தம் வாக்காளர்களில் அரபுகள் அவ்வளவு பேர் இல்லை என்று ட்ரூமன் விடையளித்ததாக எடி பதிவு செய்கிறார். 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை 33க்கு 13 என்னும் வாக்குகளில் ஃபலஸ்தீனைப் பிரிக்கத் தீர்மானித்தது. அமெரிக்கா ஆதரித்து வாக்களித்தது. எடி அதற்குச் சற்று முன்னர் அரசுப் பணியிலிருந்து விலகிவிட்டார்.

1948 மே 14 அன்று, இஸ்ரேல் பிறந்த பதினோராம் நிமிடத்தில் அமெரிக்கா அதனை அங்கீகரித்தது. அந்த அங்கீகார ஆவணத்தின் படத்தை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு சிறு தாள். தட்டச்சு செய்த சில வரிகள். 'யூத நாடு' என்றிருந்ததை அடித்து 'இஸ்ரேல்' என்று கையால் திருத்தியிருக்கிறார்கள். அடியில் ட்ரூமனின் கையொப்பம். அதில் நண்பர் என்ற விளி இல்லை, உபசாரம் இல்லை, சட்டகத்தில் மாட்டத்தக்க அழகும் இல்லை. அழகிய கடிதம் காப்பகத்தில் உறங்க, அடித்தல் திருத்தலுடன் கூடிய அந்தத் தாள் செயலுக்கு வந்தது. அவ்வாண்டு ஏழு லட்சம் ஃபலஸ்தீனர்கள் வீடிழந்தனர். கையொப்பங்களை அவற்றின் அழகால் மதிப்பிடுவோர்க்கு இதைவிடக் கசப்பான பாடம் இல்லை.

பிழை யாருடையது?

ரூஸ்வெல்ட் வஞ்சித்தார் என்று எழுதிவிடுவது எளிது. நம் மேடைகளில் அவ்வாறு முழங்குவோரும் உளர். அவர் வாழ்ந்திருந்தால் வாக்கைக் காத்திருப்பார் என்று நம்புவதும் அதேயளவு எளிது. இரண்டும் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லப்படுபவை. கடிதத்தின் வாசகத்தைப் படித்துச் சொல்லப்படுபவை அல்ல. அவர் தம் உருவத்தை அளந்து காட்டியதைப் போலவே தம் சொல்லையும் அளந்து கொடுத்தார். அளவுக்கு மேல் அதில் கண்டது காண்போரின் கண்.

மன்னர் தரப்பையும் நாம் விட்டுவிட இயலாது. குவின்சியில் அவர் முன்வைத்த வாதம் நேர்மையானது; அவ்வளவு தெளிவாக அதனை அந்நாளில் ஓர் அமெரிக்க அதிபரிடம் எடுத்துரைத்தவர் வேறெவரும் இல்லை எனலாம். ஆயினும் அந்த வாதத்தின் பின்னால் அவர் நிறுத்தியது ஒரு நட்பை மட்டுமே. அமெரிக்க நிறுவனங்களுடன் 1933இல் செய்துகொண்ட எண்ணெய் ஒப்பந்தம் 1948இல் துண்டிக்கப்படவில்லை. வறுமையிலிருந்து அப்போதுதான் மீண்டுகொண்டிருந்த நாட்டுக்கு அது இயலாத செயல் என்று அவர் தரப்பில் வாதிக்கலாம். அதில் உண்மையும் உண்டு. அப்படியானால் அந்த நட்பின் சட்டகத்திற்கு வெளியே அவரும் சிலவற்றை வைத்திருந்தார் என்பதையும் நாம் ஏற்க வேண்டும். வெளியே நின்றவர்கள் ஃபலஸ்தீனர்கள். கப்பலில் அவர்களைப் பற்றிப் பேசப்பட்டது. கடிதத்தில் அவர்களைப் பற்றி எழுதப்பட்டது. எந்தப் படத்திலும் அவர்கள் இல்லை.

இந்நோய் மன்னர்களுக்கு மட்டும் உரியதன்று. நம் நிறுவனங்களின் அலுவலக அறைகளை நினைத்துப் பாருங்கள். அமைச்சர் ஒருவர் வந்து நின்ற படம், தலைவர் ஒருவர் கையொப்பமிட்ட வாழ்த்து, சால்வை போர்த்திய காட்சி. கோரிக்கை என்னவாயிற்று, எழுத்தில் எதைப் பெற்றோம், அவருக்குப் பின் வந்தவரை அது கட்டுப்படுத்துமா என்று கேட்டால் அந்த அறையில் விடை கிடைப்பது அரிது. நாம் பணியாற்றும் இடத்திலும் அத்தகைய படங்கள் தொங்குகின்றன. அவற்றின் கீழ் நின்று பெருமிதம் கொண்டவர்களுள் நாமும் ஒருவர் என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

வாஷிங்டன் நகரில் ரூஸ்வெல்ட்டின் நினைவிடம் 1997இல் திறக்கப்பட்டது. அங்கிருந்த சிலை, நீண்ட மேலங்கி போர்த்து, கால்களின் நிலை புலப்படாதவாறு அமைந்திருந்தது. மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் அதனை எதிர்த்துப் போராடின. அதன் பயனாய், சக்கர நாற்காலியில் அவர் வெளிப்படையாக அமர்ந்திருக்கும் மற்றொரு சிலை 2001 ஜனவரியில் அங்கு நிறுவப்பட்டது. மறைக்கப்பட்ட பாதியைக் கேட்டுப் பெறும் உறுதி அவர்களிடம் இருந்தது. அவர்கள் அந்த மனிதரை வெறுக்கவுமில்லை, அவர் முகத்தில் மயங்கவுமில்லை. முழு உருவத்தைக் காட்டுங்கள் என்றார்கள். காட்டினார்கள்.

ஒரு படத்தைத் திருத்துவது எளிது. வரலாற்றைத் திருத்துவது அரிது. எனினும் இரண்டையும் வாசிக்கும் முறை ஒன்றே. படத்தைக் கண்டால் அது எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். கடிதத்தைக் கண்டால் அதன் எழுவாய் யார், அவருக்குப் பின் அதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்று கேட்க வேண்டும். உபசாரத்திற்கு உபசாரமே விடை. உரிமைக்குச் சாட்சிகளும் வாசகமும் வேண்டும். நம் முன்னோர் காழியின் கடிதத்திற்கு வகுத்த இவ்வொழுங்கை நாம் பாடமாக ஓதுகிறோம். படங்களின் முன் நிற்கும்போதும் அது நினைவில் இருக்குமாயின் அந்தப் பாடம் பயன் தந்ததாகும்.